பெரிய நாயும் முழங்கால் ஜவ்வும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று மூன்றாம் வகுப்பிலேயே கட்டுரை எழுதிவிட்டோம். அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு என்றும் எழுதினோம். அந்தக் கால்களில் ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. இந்த ஆண்டு அதைக் கற்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவில் வசிக்கும் தோழி ஒருத்தியின் வீட்டில் ராஜா என்றொரு லாப்ரடார் நாய் உண்டு. வயது 6, எடை 38 கிலோ. அதற்கு வலது பின்னங்காலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் நாங்கள் மூவரும் முறை வைத்துக்கொண்டு அந்த வீட்டாருக்கு உதவினோம். கண்டதையும் மருத்துவரிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் முழங்கால் என்பது என்ன என்று பார்ப்போம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் அது. இவ்விரண்டையும் பிடித்துக் கட்டும் உறுதியான நார்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு, மூட்டின் உள்ளே ஒன்றையொன்று பெருக்கல் குறிபோல் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அதனால் அவற்றுக்குக் குறுக்குப் பிணைநார் என்று பெயர். ஊரில் இதைத்தான் ஜவ்வு என்கிறோம். ‘கபடி விளையாடி ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முன்பக்கமாகச் செல்லும் நார், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவிவிடாமல் காக்கிறது. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பையும் நம் மக்கள் ஜவ்வு என்றே சொல்வதால், மருத்துவர் பேசுவது எதைப் பற்றி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முன் நார் அறுந்தபின் அந்த மெத்தையும் நசுங்கிக் கிழிவதுண்டு.

மனிதருக்கும் நாய்க்கும் இதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம்மில் இந்த நார் பெரும்பாலும் விளையாட்டிலோ விபத்திலோ ஒரே நொடியில் அறுகிறது. நாய்க்கோ கிணற்றுக் கயிறு நாளடைவில் இழை இழையாகத் தேய்வதைப்போல் மாதக் கணக்கில் நைந்து, கடைசியில் ஒரு சாதாரணத் துள்ளலில் அறுந்துபோகிறது. ‘நேற்றுவரை நன்றாக ஓடியதே, திண்ணையிலிருந்து குதித்ததும் நொண்டுகிறதே’ என்று வீட்டார் திகைப்பது இதனால்தான். குற்றம் திண்ணையின்மேல் இல்லை. லாப்ரடார், ராட்வைலர் போன்ற கனத்த நாய்களில் இது அதிகம். உடல் பருத்த நாய்களுக்கு இன்னும் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் நிற்கும்போது முழங்காலை நேராக வைத்து நிற்கிறோம். நாயோ எப்போதும் அதை மடக்கியே நிற்கிறது. மேலும் அதன் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு, ஏறக்குறைய 25 பாகை அளவுக்குப் பின்புறமாகச் சரிந்திருக்கிறது. சரிவான மேட்டில் நிற்கும் பார வண்டியைக் கயிறு கட்டிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வண்டி சரியப் பார்க்கிறது. கயிறு இழுத்துப் பிடிக்கிறது. கயிறு அறுந்தால் வண்டி உருளத்தானே செய்யும்?

இதற்கு வைத்தியம் என்ன? பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பாட்சாமா என்னும் அறிஞர், தொடைத் தசையின் மேலுள்ள உறையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாக மூட்டுக்குள் செலுத்தும் முறையை 1952 இல் விவரித்தார். பின்பு மூட்டுக்கு வெளியே வலுவான நைலான் இழையால் கட்டும் முறை வந்தது. சிறிய நாய்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் 38 கிலோ நாய்க்கு நைலான் இழை எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்காவின் கால்நடை அறுவை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் வேறு விதமாகச் சிந்தித்தார். கயிற்றை மாற்றுவதைவிட மேட்டையே சமமாக்கிவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வில் வடிவில் அறுத்து, சற்றே சுழற்றி, சரிவை 5 அல்லது 6 பாகைக்குக் குறைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தும் முறையை 1993 இல் வெளியிட்டார். எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அறுந்ததை ஒட்டாமலேயே நோயைத் தீர்க்கும் வழி அல்லவா!

ராஜாவுக்குச் செய்தது இம்முறைதான். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு வாடகை வேனில் அழைத்துச் சென்றார்கள். ‘நாய்க்கு இவ்வளவு செலவா?’ என்று கேட்காதவர் எங்கள் தெருவில் குறைவு. புத்தூர்க் கட்டுப் போட்டால் போதுமே என்றார் ஒருவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள், சரி. இங்கே முறிவு இல்லையே, உள்ளே நார் அல்லவா அறுந்திருக்கிறது! தோழியின் ஆயாவுக்கோ வேறு சந்தேகம். ‘காலைக் கிழிச்சி வச்சிருக்கான், ஒரு மாவுக்கட்டுகூடப் போடல. இன்னாடி வைத்தியம் இது?’ என்றார். உள்ளே இருக்கும் தகடே கட்டின் வேலையைச் செய்கிறது என்று விளக்கிய பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை என்றே நினைக்கிறோம்.

ஆனால் இந்தச் சிகிச்சையில் ஒரு பொடி உண்டு. மருத்துவர் அறுத்துப் பொருத்திய எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. அதுவரை நாயை ஓடாமலும் குதிக்காமலும் காப்பது வீட்டாரின் பொறுப்பு. அதில் தவறினால் திருகாணி தளரலாம், எலும்பு விரிசல் காணலாம். பாதி வேலைதான் கத்தியுடையது, மீதி உங்களுடையது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினாராம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ராஜா மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் முனகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்; மறுநாளும் தொடாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் மலம் கழியாமல் இருப்பதும் உண்டு. மூன்றாம் நாள் கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கியதைக் கண்டு நாங்கள் பயந்தே போனோம். அறுவை செய்த இடத்து நீர் கீழே இறங்குவதால் வரும் வீக்கம் அது. சில நாட்களில் தானே வடிந்தது. முதல் சில நாட்களுக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் முழங்காலின்மேல் வைத்தோம், நாளுக்கு மூன்று முறை. பனிக்கட்டியை வெறுந்தோலில் வைக்கக் கூடாது. வீக்கம் வடிந்த பிறகு இளஞ்சூட்டு ஒத்தடம்.

பெரிய நாயைத் தூக்க முடியாது. அதற்கு ஒரு பழைய வேட்டி போதும். நீளவாக்கில் மடித்து, பின்னங்கால்களுக்கு முன்னே வயிற்றின் கீழ் செலுத்தி, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய் தன் கால்களால் நடக்கும். நாம் தடுமாறும்போது தாங்கினால் போதும். ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் கழிக்கும்போது வேட்டியைச் சற்றுத் தளர்த்தி நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேட்டி பாழ். இதை இரண்டாம் நாளே அறிந்துகொண்டோம்!

வீட்டுத் தரைதான் பெரிய எதிரி. மொசைக்கும் டைல்ஸும் நமக்கு அழகு. மூன்று காலில் நிற்கும் நாய்க்கு அது பாசி பிடித்த படித்துறை. கோரைப்பாய் விரித்தால் பாயே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நெல் மூட்டைக்கு வரும் சணல் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, நாய் நடக்கும் வழி முழுதும் விரித்தோம். தோழியின் அப்பா நெல் வியாபாரம் செய்வதால் சாக்குக்குப் பஞ்சமில்லை. திண்ணைக்கு ஏறும் வழியில் பலகையை வைத்து அடைத்தாயிற்று. கட்டில் பக்கம் போகாமலிருக்க, கூடத்தின் ஒரு மூலையில் இரண்டு பெஞ்சுகளைச் சாய்த்துச் சிறிய அறைபோல் செய்தோம். தனியாக இருக்கும் நேரமெல்லாம் ராஜா அதற்குள்தான். காயத்தை நக்கிவிடாமல் கழுத்தில் கூம்புபோல் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தார்கள். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று பெரியவர்கள் சொல்வதை இங்கே கேட்கக் கூடாது. நக்கினால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது. நமக்கு நன்மை செய்யும் மாத்திரை அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மருத்துவர் எழுதிய வலி மாத்திரையையும் சாப்பாட்டோடு, சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் கேட்க வேண்டும். நம் ஊர்ப்பக்கம் உள்ளவர்கள் 1962 என்னும் எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைப் பற்றி விசாரிக்கலாம். அது ஆடு மாடுகளுக்கு மட்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் வாசலுக்கும் கொல்லைக்கும் மட்டுமே நடை, அதுவும் கயிற்றில் கட்டி. மூன்றாம் வாரம் ஐந்து நிமிடம், காலை மாலை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினோம். இங்கே ஓர் உபாயம் சொல்லித் தந்தார்கள். நாய் வேகமாக நடந்தால் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தும். மெதுவாக, மிக மெதுவாக நடத்தினால் நான்காவது காலையும் ஊன்றியே ஆக வேண்டும். பத்தாம் நாள் வாக்கில் வலது காலின் விரல் நுனி தரையில் பட்டதைப் பார்த்து மூவரும் கை தட்டிவிட்டோம். பக்கவாட்டில் படுக்க வைத்து, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியும் உண்டு, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. எப்படிச் செய்வது என்று மருத்துவர் நேரில் காட்டிய பிறகே செய்ய வேண்டும். நாய் முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும்.

உண்மையான சோதனை ஐந்தாம் வாரத்தில் வந்தது. வலி போய்விட்டது, காயம் மறைந்து முடி முளைத்துவிட்டது. ராஜாவோ தான் முழுதும் குணமாகிவிட்டதாக முடிவு கட்டிவிட்டது. வாசலில் பூனை போனால் பெஞ்சை முட்டித் தள்ளும். கயிற்றை எடுத்தாலே துள்ளும். இரவெல்லாம் குரைத்து, ‘அவுத்து வுடுங்கடி, பாவம்’ என்று ஆயாவையே சிபாரிசுக்கு அழைத்தது. எலும்போ இன்னும் பாதிதான் கூடியிருக்கிறது. வலி இல்லை என்பதும் எலும்பு கூடிவிட்டது என்பதும் ஒன்றல்ல. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில், இதே சிகிச்சை செய்த நாயை நான்காம் வாரமே ‘நன்றாகத்தானே நடக்கிறது’ என்று வயலில் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். தகடு பெயர்ந்து, மீண்டும் சென்னை, மீண்டும் கத்தி. இதைக் கேட்ட பிறகு ஆயா ஒரு முறைகூடக் கயிற்றைத் தொடவில்லை.

அடைபட்ட நாய்க்கு உடல் வேலை இல்லையென்றால் மூளைக்கு வேலை தர வேண்டும். பழைய துண்டைச் சுருட்டி அதன் மடிப்புகளில் கேரட் துண்டுகளை ஒளித்து வைத்தோம். அரை மணி நேரம் முகர்ந்து முகர்ந்து எடுக்கும். ‘உட்கார்’, ‘கை கொடு’ என்பதற்கு மேல் எங்கள் மூவரையும் பெயர் சொன்னால் அடையாளம் காணவும் கற்றுக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்தால் தூங்கிவிடும் என்பதையும் கண்டுபிடித்தோம். தேர்வுக்குப் படிப்பதற்கு அது மிகவும் உதவியாக இருந்தது. ஏரியில் நீந்த விட்டால் கால் பலப்படுமே என்று சிலர் கேட்டார்கள். நீரில் நடக்க வைக்கும் பயிற்சி பெரிய மருத்துவமனைகளில் உண்டு என்பது மெய்தான். ஆனால் ஏரிக்கரைச் சேறு வழுக்குமே! எலும்பு கூடி, மருத்துவர் சம்மதித்த பிறகுதான் அதையெல்லாம் நினைக்கலாம்.

எட்டாம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். அறுத்த கோடு இருந்த இடத்தில் வெண்மையாகப் புதிய எலும்பு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஆயாவுக்கும் காட்டினோம். பன்னிரண்டாம் வாரம் கயிறில்லாமல் கொல்லையில் சுற்ற அனுமதி கிடைத்தது.

இனி இடது முழங்காலைப் பற்றித்தான் கவலை. நார் நைவது ஒரு காலோடு நிற்பதில்லை. ஒரு கால் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலும் பின்னாளில் அறுகிறது. தடுப்பதற்கு உறுதியான வழி இல்லை. எடையைக் குறைப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது. ஓடாத நாளில் பழைய அளவே சாப்பிட்டால் நாய் பெருக்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே சோற்றில் கால் பங்கைக் குறைத்து, நெய் ஊற்றுவதை நிறுத்தி, காய்கறியைக் கூட்டினார்கள். ஆயா மட்டும் முந்தானையில் மறைத்து இட்லி கொண்டுவருவார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். மாதம் ஒரு முறை நெல் மண்டித் தராசில் மூட்டைகளுக்கு நடுவே ராஜாவை நிறுத்துகிறோம். சென்ற மாதம் 34 கிலோ இருந்தது. உட்காரும்போது இடது காலைப் பக்கவாட்டில் நீட்டுகிறதா, காலையில் எழுந்திருக்கையில் விறைக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறோம். இதுவரை எழுத எதுவும் இல்லை.