எதை ஆராய்வது என்று யார் சொல்வது?

“உலகம் பூரா சுகருக்கு ஆராய்ச்சி நடக்குதுங்குறாங்க அண்ணே. நைட் டூட்டி பாக்குறவன் எப்பச் சாப்பிடணும், எப்ப ஊசி போடணும்னு கேட்டா ஒருத்தரும் தெளிவாச் சொல்ல மாட்டேங்குறாங்களே?” குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரு சாயாக்கடையில் இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டார். செக்யூரிட்டி வேலை. ரூமில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஃப்ரிட்ஜ். மீன் பொட்டலத்துக்கும் தயிர் டப்பாவுக்கும் நடுவில் அவருடைய இன்சுலின் பேனா இருக்கும். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு முதலில் ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு யாராவது பணம் கொடுக்க வேண்டும். மருந்துக் கம்பெனி, அரசாங்கம், அறக்கட்டளை என்று கொடுப்பவர்கள் பலர். குவைத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் தொடங்கிய குவைத் அறிவியல் முன்னேற்ற அறக்கட்டளைக்கு இங்குள்ள பங்கு நிறுவனங்கள் தங்கள் நிகர லாபத்தில் 1 சதவீதம் தருகின்றன. தஸ்மான் நீரிழிவு நிலையம் அந்த அறக்கட்டளை உருவாக்கியதுதான். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள நாட்டில், பணம் போக வேண்டிய இடம்தான். ஆனால் எந்த நாட்டு அறக்கட்டளையிலும் விண்ணப்பங்கள் குவியும்; பணம் சிலவற்றுக்குத்தான் எட்டும். எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையில், உலகெங்கும் வெகுகாலம் பேராசிரியர்களே உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியின் முறை, ரத்தம் கொடுக்கக் கை நீட்டும்போதுதான் வந்தது.

மருந்துச் சோதனைகளுக்கான இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள், நெறிமுறைக் குழுவில் சாதாரண மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அவர் வந்து உட்காரும்போது கேள்வி முடிவாகியிருக்கும். சோதனையில் சேர்பவருக்குத் தீங்கு வருமா என்று பார்ப்பார். ‘இதைவிட அவசரமான கேள்வி எங்களிடம் இருக்கிறதே’ என்று சொல்லும் கட்டம் தாண்டிப் போயிருக்கும்.

இதனால் என்ன நஷ்டம் என்று தம்பி கேட்டார். பிரிட்டனில் 2015இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளும் சிகிச்சை தருபவர்களும் கூடி, ஆராய வேண்டும் என்று குறித்த சிகிச்சைகளில் மருந்து, தடுப்பூசி போன்றவை 18 சதவீதம்தான். கம்பெனிகள் நடத்தும் பதிவான சோதனைகளிலோ அவை 86 சதவீதம். கம்பெனி சாராத சோதனைகளில்கூட 37. மக்கள் கேட்டது உடற்பயிற்சி, மனத்துக்கான உதவி, உணவு, பயிற்றுவிப்பு, மருத்துவமனை நடைமுறை என்று போகிறது. விற்க முடியாத விஷயத்தில் கம்பெனி பணம் போடாது என்பது புரிகிறது. பொதுப்பணமும் அந்தப் பக்கமே சாய்ந்தால், தம்பி கேட்ட மாதிரிக் கேள்விகள் எந்த மேசைக்கும் வராது.

இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான், அந்தக் கணக்குக்கு முன்பே 2004இல், பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சியாளர் இயன் சால்மர்ஸ் முதலானோர் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியைத் தொடங்கினார்கள். லிண்ட் ஒரு கப்பல் வைத்தியர். ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு சிகிச்சை கொடுத்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் தேறுவதை 1747இல் கண்டவர்.

கூட்டணி செய்வது இதுதான். ஒரு நோயை எடுத்து, அதோடு வாழ்பவர்கள், பார்த்துக்கொள்ளும் வீட்டார், டாக்டர், நர்ஸ் எல்லாரிடமும் ‘உங்களுக்கு எதற்கு விடை தெரியவில்லை?’ என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே விடை உள்ளவற்றைக் கழிக்கிறார்கள். மிச்சத்தைச் சுருக்கிக்கொண்டு கடைசி நாளில் கூடுகிறார்கள். கேள்விக்கு ஓர் அட்டை. சிறு குழுக்களாக உட்கார்ந்து அட்டைகளை மேலே தள்ளி, கீழே இறக்கி, வாதாடி, முதல் பத்தை முடிவு செய்கிறார்கள். கால் மரத்துப்போனவரும் அந்தக் காலுக்குக் கட்டுப்போடும் நர்ஸும் ஒரே அட்டையைப் பிடித்துக்கொண்டு பேசும்போது, ஏன் இது முக்கியம் என்று இருவருக்குமே புதிதாகத் தெரிகிறது. மருந்துக் கம்பெனிக்கு அங்கே ஓட்டு இல்லை. டைப் 2 சர்க்கரைக்கு 2017இல் வந்த பட்டியலின் முதல் கேள்வி: இந்த நோயை முழுக்கக் குணமாக்கவோ திருப்பவோ முடியுமா, எந்தக் கட்டத்துக்கு மேல் முடியாது?

நோயாளி மட்டும் போதாதா, டாக்டர் எதற்கு? சென்னையின் அனுபவம் பதில் சொல்லும். 1956இல் சென்னையில் காசநோய்க்கு ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. படுக்கைகளோ மிகக் குறைவு, நோயாளிகளோ ஏராளம். அதை அன்றாடம் பார்த்தவர்கள் எழுப்பிய கேள்வி, ‘இவர்களை வீட்டிலேயே வைத்துக் குணமாக்க முடியாதா?’ வறுமையிலும் நெருக்கடியான வீட்டிலும் மாத்திரை சாப்பிட்டவர்கள், காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகத் தேறினார்கள். உலகமே காசநோயைப் பார்க்கும் விதம் அதோடு மாறியது. தினமும் நூறு பேரைப் பார்ப்பவருக்குத் தெரிவது, ஒரு நோயாளிக்குத் தெரியாமல் போகலாம். இருவரும் வேண்டும்.

பட்டியல் போட்டால் மட்டும் பணம் வந்துவிடாது. பணம் பிரிக்கும் இடத்திலும் ஓட்டு வேண்டும். மார்பகப் புற்றுநோய் கண்ட அமெரிக்கப் பெண்கள் போராடியதில் 1992இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்நோய்க்கான ஆராய்ச்சித் திட்டத்துக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது. 90களின் நடுவிலிருந்து, நோயைக் கடந்து வந்தவர்கள் அந்தத் திட்டத்தின் தேர்வுக் குழுக்களில் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். ‘படிக்காதவனுக்கு விஞ்ஞானம் என்ன தெரியும்?’ என்பார்கள். ஆய்வு முறை சரியா என்று விஞ்ஞானி பார்க்கட்டும். அதன் விடை யாருடைய வாழ்க்கையில் எதை மாற்றும் என்று சொல்ல, அந்த வாழ்க்கையை வாழ்பவர்தான் தகுதியானவர்.

மறுபடி குவைத்துக்கு வருவோம். இங்கே இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த பராக் அல்அஹ்மத் குழுவினர், கடும் வெயிலில் உயிராபத்து குவைத்தியர் அல்லாதவர்களுக்கு அதிகம் என்று கண்டார்கள். அருமையான வேலை. ஆனால் பதிவேட்டில் இறந்தவர்தான் இருப்பார். உயிரோடு வேலை செய்பவரின் கேள்வி இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 வரை வெளியில் வேலை இல்லை, சரி. பத்தரை மணிக்குச் சாரத்தில் நிற்பவர் பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது? ஒருநாள் கரண்ட் போன ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை நம்பலாமா?

இப்படிப்பட்ட கேள்விகளைத் திரட்டுவது பெரிய செலவில்லை. படிவம் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் இந்தியிலும் வேண்டும். எழுத வராதவருக்கு வாய்மொழியாகக் கேட்க ஆள் வேண்டும். கூட்டம் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை வைக்க வேண்டும். பதினைந்து டாக்டர்களுக்கு நடுவே ஒரே ஒரு தொழிலாளியை உட்கார வைத்தால் வாய் திறக்க மாட்டார். நாலைந்து பேராவது இருக்க வேண்டும். வந்துபோகும் பஸ் காசையும், லீவு போட்டால் பிடிக்கும் சம்பளத்தையும் கூட்டம் நடத்துபவர்களே தந்துவிட வேண்டும்.