நிலைமின் ஹெட்போனும் ஈரக்காற்றும்

பிளாஸ்டிக் சீப்பை உலர்ந்த தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால், அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்வதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டுவதுண்டு. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையிலுள்ள வாளையாரில் இச்சோதனை ஜனவரியில் எளிதில் வெற்றி பெறும். ஜூலையில் பெரும்பாலும் பொய்த்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது; டிசம்பர், ஜனவரி மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. ஈரமான நாளில் சீப்பின்மேல் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டத்தைக் கசியச் செய்கிறது.

சீப்புக்கு நேர்வது ஒரு சோதனையின் தோல்வி மட்டுமே. ஆனால் இதே நிலைமின் விசையால் இயங்கும் விலையுயர்ந்த ஒலிக்கருவி ஒன்று உண்டு. அதுவே நிலைமின் ஹெட்போன். ஜப்பானிய நிறுவனமான ஸ்டாக்ஸ் இவ்வகைக் கருவியை 1960-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஆர்ஃபியஸ் சுமார் 300 மட்டுமே செய்யப்பட்டது.

இதன் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. இதில் அவை இல்லை. துளையிட்ட இரு உலோகத் தகடுகளுக்கு இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே கனமுள்ள பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தலைமயிரின் பருமனில் இது முப்பதில் ஒரு பங்கு கூட இராது. படலத்துக்கு நிலையான உயர் மின்னழுத்தம் ஊட்டப்படுகிறது. ஸ்டாக்ஸின் இன்றைய கருவிகளில் இது 580 வோல்ட். இசையின் மின்குறிப்பு தகடுகளுக்குச் செல்லும்போது, ஒரு தகடு படலத்தை இழுக்க, மற்றது தள்ளுகிறது. இவ்வசைவே ஒலியாகிறது.

இக்கருவியின் பகைகள் இரண்டு. முதலாவது ஈரம். படலத்தின் மின்னூட்டம் கசிந்தால் ஒரு பக்கத்து ஒலி மெலிந்துவிடும். இரண்டாவது தூசி. சீப்பு காகிதத்தை ஈர்ப்பது போலவே மின்னூட்டமுள்ள படலம் தூசியை ஈர்க்கும். துகள் ஒன்று படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கினால் இரைச்சலோ கீச்சொலியோ தோன்றும். எனவே, பழுது பார்ப்பதைவிடப் பாதுகாப்பதே இக்கருவிக்கு உற்ற மருந்து எனலாம்.

பாதுகாக்கும் முறை எளிது. பயன்படுத்தி முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, இறுக மூடும் பெட்டியில் வைத்தல் வேண்டும். பெட்டியினுள் நிறம் மாறும் சிலிகா ஜெல் பை ஒன்றை இடுக. நிறம் மாறினால், அதன் உறையில் குறிப்பிட்டவாறு சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். சமையலறையை அடுத்த அலமாரி, மழைச்சாரல் படும் சுவர், லாரிகள் செல்லும் சாலையை நோக்கிய சன்னல் ஆகியவை ஏற்ற இடங்கள் அல்ல.

காட்சிக்கு வைப்போர் கண்ணாடிப் பேழையை நாடுதல் நலம். சென்ஹைசர் 2015-இல் அறிவித்த எச்.இ. 1 என்னும் கருவியில், பயன்படுத்தாத வேளையில் ஹெட்போன் மூடியிட்ட அறைக்குள்ளேயே இருக்கும். தலைவளையத்தை அகன்ற தாங்கியில் வைக்கவேண்டும். கம்பியைப் பிடித்துத் தொங்கவிடலாகாது. நேர் வெயில் காதுத் திண்டையும் பசையையும் கெடுக்கும்.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால் உடனே கருவியைப் பிரித்தல் கூடாது. பெருக்கிக்கு வரும் இடது, வலது இணைப்புகளை மாற்றிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால், அது இசை வரும் வழியில் உள்ளது. மாறாவிடில் குறை ஹெட்போனிலோ பெருக்கியிலோ உள்ளது. ஈரமே காரணமாயின், உலர்ந்த அறையில் சில மணி நேரம் மின்னூட்டத்துடன் வைத்தால் ஒலி மீள்வதுண்டு. காதில் அழுத்தும்போது மட்டும் கேட்கும் மெல்லிய சடசடப்பு பெரும்பாலும் தூசி காக்கும் மெல்லுறையின் ஓசையே, பழுதன்று.

திண்டை மாற்றுதல், செருகியை உலர்ந்த துணியால் துடைத்தல் ஆகியவற்றை உரியவரே செய்யலாம். துகளை ஊசியால் எடுக்க முயன்றால் படலம் கிழியும். கிழிந்த படலத்தை ஒட்ட இயலாது, அப்பகுதி முழுவதையும் மாற்றவேண்டும். பெருக்கியைத் திறப்பதோ உயிருக்கே ஆபத்து. செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி பெற்றவர் அன்றி வேறெவரும் அதைத் தொடலாகாது.

களப்பணியாளர் கையாளும் கண்டென்சர் மைக்ரோபோனிலும் இதுபோன்ற மென்படலமும் மின்னூட்டமும் உள்ளன. மழைக்காலத்தில் அதற்கும் உலர்ந்த பெட்டியே காப்பு. ஆசிரியர்கள் சீப்புச் சோதனையை ஜனவரியிலும் ஜூலையிலும் செய்து காட்டினால், இவ்வுண்மை மாணவர் மனத்தில் நன்கு பதியும்.