வயிற்றுக்குள் ஒரு ஹைட்ரஜன் ஆலை

சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்கப்போவதாக ஹுண்டாய் 2024 ஜனவரியில் அறிவித்தது. சற்றுத் தாமதம்தான். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் பலரின் வயிற்றில் ஹைட்ரஜன் உற்பத்தி எப்போதோ தொடங்கிவிட்டது. பால் சர்க்கரையான லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்கள் வட இந்தியரில் 27.4 சதவீதம், தென்னிந்தியரில் 66.6 சதவீதம் என்று 1981இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அப்படிச் செரிக்காத லாக்டோஸ்தான் குடலில் ஹைட்ரஜனாகிறது. இந்த வாயுதான் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கிறது என்பவர்கள் உண்டு. இதே வாயுவைத் தண்ணீரில் கரைத்துத் தசைவலிக்கு மருந்தென்று பாட்டிலில் விற்பவர்களும் உண்டு. ஹைட்ரஜன் இதில் வெறும் சாட்சி என்பதே என் கட்சி.

செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்கு வந்ததும் பாக்டீரியாக்கள் பந்தி போட்டுவிடுகின்றன. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு பொங்குவது போலத்தான். ஆனால் இந்தப் பாத்திரத்தின் சுவர் ரப்பர் போல விரியும், மூடியைத் திறக்க இடம் பொருள் பார்க்க வேண்டும், போதாக்குறைக்கு மாவுக்குள்ளேயே வாயுவைத் தின்னும் விருந்தாளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்ற அந்த நுண்ணுயிர் நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கரியமில வாயுவையும் விழுங்கி ஒரே பங்கு மீத்தேனை வெளியிடும். ஐந்து ஒன்றாகச் சுருங்கிவிடும்! மிஞ்சிய ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறுகிறது. மனித செல் எதுவும் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை என்பதால் இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். லாக்டோஸ் குடித்தபின் மூச்சில் அது பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் செரிமானக் குறை என்று முடிவு செய்கிறார்கள். விருந்தாளி நன்றாகச் சாப்பிட்டிருந்தால் குறை இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.

வரலாறு வேண்டுமென்றால், அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட் 1969இல் குடல் ஹைட்ரஜனை அளந்து இந்த மூச்சுச் சோதனைக்கு வழிகாட்டினார். அது போதும்.

வாயுவும் நீரும் சேர்ந்து குடல் சுவரை விரிக்க, அதன் தசை இறுகுவதுதான் வயிற்றுப்பிடிப்பு. காலைப் பிடிப்பது வேறு வகைத் தசை. பால் குடித்தால் உடம்பே வலிக்கிறது என்கிறார்களே என்று கேட்கலாம். பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2005இல் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதும் பாக்டீரியாவின் பிற கழிவுகளைத்தான். நம்பிக்கையே வலியாவதும் உண்டு: 1995இல் அமெரிக்காவில், பால் துளியும் ஒத்துக்கொள்ளாது என்ற 30 பேருக்கு எது எதுவென்று சொல்லாமல் சாதாரணப் பாலும் லாக்டோஸ் நீக்கிய பாலும் தினம் 240 மில்லி கொடுத்தபோது, தொந்தரவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹைட்ரஜனே நேராகத் தசையைப் பிடிக்குமா? 1992இல் பிரான்சின் ஹைட்ரா 10 என்ற ஆழ்கடல் முக்குளிப்புச் சோதனையில் 701 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் ஒருவர் ஹைட்ரஜன் கலந்த வாயுவையே சுவாசித்தார். இத்தகைய சோதனைகளில் ஹைட்ரஜன் மேல் வந்த முக்கியப் புகார் மூளை மயக்கம்தான். பாட்டில்காரர்களுக்கும் ஒரு கணக்கு: சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 18 மில்லி ஹைட்ரஜன்தான் கரையும். செரிக்காத ஒரு டம்ளர் பால் அதைவிட அதிகம் தரும். அது மருந்தென்றால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தசைப்பிடிப்பே வரக்கூடாது.

வெல்டிங் பகுதியில் எட்டு மணி நேரம் நிற்பவரின் காலைப் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது வியர்வையில் போன உப்பும் தசைச் சோர்வும். ஹைட்ரஜனுக்குப் பயந்து கேன்டீன் மோரைத் தள்ளிவைப்பது அங்கே நட்டக் கணக்கு. நீர்மோரில் லாக்டோஸ் சொற்பம், அதிலும் ஒரு பங்கைத் தயிர் பாக்டீரியாவே செரித்துக் கொடுக்கும். உப்பு கூடுதல் வரவு.