பாம்பெய்: சாம்பல் அச்சு, பிளாஸ்டர் வார்ப்பு

பாம்பெய் நகரில் கிடைத்த இந்த மனித உருவத்தை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ஒருவரின் உடலைச் சுற்றி நுண்சாம்பல் படிந்து இறுகியது. தசையும் துணியும் மட்கிப்போக, உடல் கிடந்த இடம் வெற்றுக்குழியாக நின்றது. எலும்புகள் மட்டும் உள்ளே எஞ்சின.

1863-இல் அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ஜூசெப்பே ஃபியோரெல்லி, அத்தகைய குழிகளில் நீர்க்கக் கரைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றச் செய்தார். ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதில் பிணைந்துள்ள நீரில் முக்கால் பங்கு நீங்கிவிடும். அதைப் பொடித்து மீண்டும் நீர் சேர்த்தால், ஊசி போன்ற படிகங்கள் பின்னிக்கொண்டு சில நிமிடங்களில் கெட்டிப்படும். இறுகும்போது சுருங்காமல் சற்றே விரிவதுதான் இதன் அருமை. அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைகிறது. ஆடை மடிப்பும் முகத்தை மூடிய கையும் இன்று நமக்குத் தெரிவது அதனால்தான். பிறகு சுற்றியிருந்த சாம்பலைக் கொத்தி அகற்றினார்கள். ஒரு குழிக்கு ஒரே வார்ப்பு. அச்சு அதோடு அழிந்தது.

இவற்றைச் சிலைகளாக எண்ணிவிட வேண்டாம். பல வார்ப்புகளுக்குள் இறந்தவரின் எலும்புகள் இன்னும் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த மரபணுக்கள் 2024-இல் ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்தின. பொற்கடகம் அணிந்து, குழந்தையோடு கிடந்தவரைத் தாய் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவர் ஓர் ஆண். அந்தக் குழந்தைக்கு இரத்த உறவினரும் அல்லர்.