கலங்கிய கடலில் தெளிவான படம்

பொங்கோல் படகுத்துறையிலிருந்து பார்த்தால் கடல் பச்சையும் பழுப்புமாகத்தான் தெரியும். சிங்கப்பூரின் தெற்கே, முக்குளிப்பாளர்கள் விரும்பிச் செல்லும் புலாவ் ஹந்து தீவிலும் நீர் தெளிவாக இருப்பதில்லை. பல நாள்களில் இரண்டு, மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நிலமீட்பும் தூர்வாரும் பணிகளும் கிளப்பிய வண்டல் இதற்கு முக்கியக் காரணம்.

புதியவர்கள் அங்கே கேமராவிலுள்ள ஃபிளாஷைப் போட்டுப் படமெடுப்பார்கள். படம் முழுக்க வெண்புள்ளிகள்தான் விழும். இருட்டறையில் டார்ச் அடித்தால் தூசி மின்னுமே, அதேபோல் லென்சுக்கு முன்னால் மிதக்கும் துகள்களில் ஒளி பட்டு நேராகத் திரும்புகிறது. விளக்கை நீண்ட கம்பியில் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளி, சற்று வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். ஒளியின் விளிம்பு மட்டும் பொருளைத் தொடும். இடையிலுள்ள துகள்கள் இருட்டிலேயே இருக்கும்.

விளக்கைவிட முக்கியம் தூரம். இடையில் நீர் குறைந்தால் துகளும் குறையும். ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கினால் நகமளவு கடல்நத்தையின் வண்ணம்கூட அப்படியே பதியும். புள்ளிகளைப் பிறகு கணினியில் அழிக்கலாம்தான், ஆனால் ஒரு படத்துக்கே ஒரு மாலை போய்விடும். நெருங்கும்போது துடுப்புக் காலணி அடிமணலைக் கிளப்பினால் பின்னால் வருபவரின் படமும் போச்சு. பவளத்தில் இடித்தால் அது உடைந்தும் போகும்.

பெரிய உயிரினங்களுக்கு அகலக்கோண லென்ஸ் வேண்டும், நெருக்கம் அதேதான். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியளவு வளரக்கூடிய நெப்டியூன் கிண்ணக் கடற்பஞ்சு சிங்கப்பூரில் அற்றுப்போனதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2011ல் அது மீண்டும் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே கலங்கல் நீரில்தான்.