சோபா இல்லாத ஹால்

சோபா போட்ட வீடுகளில் ராத்திரி 8 மணிக்கு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? பிள்ளைகள் தரையில், சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டி.வி. பார்ப்பார்கள். அம்மா அதன் காலடியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். சோபாவின் மேல் இருப்பது கொடியிலிருந்து எடுத்து வந்து இன்னும் மடிக்காத துணி. விருந்தாளி வருகிறார் என்றால் அந்தத் துணி மொத்தமும் வாரிச் சுருட்டிப் படுக்கையறைக்குப் போகும். வருஷத்தில் சில நாள் வருகிறவருக்காக, தினமும் புழங்குகிறவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

எவ்வளவு இடம் என்று டேப் வைத்துப் பார்த்துவிடலாம். சென்னை ஃபிளாட்டில் 10-க்கு 12 ஹால் என்றால் நல்ல அளவுதான். அதில் 10 அடிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோபாவின் ஆழம் 3 அடி. கால் வைக்க ஒன்றேகால் அடி. டீப்பாய் 2 அடி. எதிர்ச்சுவரில் டி.வி. அலமாரி ஒன்றரை அடி. ஆள் நடக்க மிஞ்சுவது இரண்டேகால் அடி. இதே ஹாலில்தான் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத வேண்டும், மாவு சலிக்க வேண்டும், ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டும். நம் ஹால் வேளைக்கு ஒரு வேலை பார்க்கிற இடம். சோபாவோ போட்டது போட்டபடி கிடக்கும்.

என் ஓட்டு திவானுக்கு. 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மெத்தையோடு சேர்த்து 17, 18 அங்குல உயரம். முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழலாம். பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம், அடியில் பெட்டி வைத்துச் செய்தால் கொலு பொம்மை முழுவதையும் உள்ளே தள்ளிவிடலாம். பலர் கோட்டைவிடுவது ஆழத்தில். 30 அங்குல அகலத்தில் சுவர்வரை தள்ளி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். முன்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. உட்கார 20 அங்குலம் போதும். அதனால் சுவரோரம் 10 அங்குலத் தடிமனில் உருட்டுத் திண்டு அவசியம். இலவம்பஞ்சில் அடைத்தது நாளாக நாளாக அமுங்கிப்போகும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். இன்னொன்று, தலை சாய்கிற இடத்தில் ஆறே மாதத்தில் சுவரில் வட்டமாக எண்ணெய்க் கறை படியும். அங்கே ஒரு கோரைப்பாயைக் குறுக்கே ஆணியில் மாட்டிவிட்டால் பார்க்கவும் லட்சணம். பத்தமடைப் பாயை இதற்குப் போடுகிறவர்களும் உண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையை அவ்வளவு நுணுக்கமாக நெய்திருக்கையில், எண்ணெய்த் தலைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஊஞ்சல் ஆசை எல்லோருக்கும் உண்டு. பலகை 5 அடிக்கு 2 அடிதான். ஆனால் ஆட முன்னும் பின்னும் 3 அடி வேண்டும். அந்த 8 அடியில் வேறு எதுவும் வைக்க முடியாது. கொக்கியை, தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கான்கிரீட்டில் பதிப்பதுதான் முறை. கட்டி முடித்த ஃபிளாட்டில் துளை போட்டு மாட்டுவதானால் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். வாடகை வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். கொக்கி ஏற்கெனவே இருக்கிற வீடு கிடைத்தால் விடாதீர்கள்: சங்கிலியைக் கழற்றிப் பலகையைச் சுவரில் சாய்த்தால் ஹால் முழுக்கக் காலி. இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிற கூடை ஊஞ்சல், ஸ்டாண்டோடு வருவது, ஒருவர் ஆட நாலு பேர் நின்று பார்ப்பதற்கு.

விருந்தாளிக்குப் பிரம்பு நாற்காலி இரண்டு போதும். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், கொள்ளிடத்துக்கு அருகே தைக்காலில் பிரம்பு வேலை பிரசித்தம். கடையில் வாங்குமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மூட்டுகளில் பிரம்புப் பட்டை நெருக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். ஆணியை மட்டும் நம்பி நிற்கிற நாற்காலி சீக்கிரம் ஆட்டம் காணும். ஒற்றைக் கையால் தூக்கி பால்கனியில் போடலாம் என்பதுதான் இதன் பெருமை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்; உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

தரைக்குப் பவானி ஜமக்காளம். கெட்டி நூல், பட்டை பட்டையாக வண்ணம், மடித்தால் ஒரு தலையணை அளவு. ஆனால் வயதானவர்களைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அழகு பேசக் கூடாது. பீன் பேக்கும் அப்படித்தான்: இருபது வயசுக்காரர் துள்ளி எழுவார், தாத்தாவுக்குக் கை கொடுக்க ஒருவர் வேண்டும். போதாக்குறைக்கு உள்ளே இருக்கிற மணிகள் நசுங்கித் தொய்ந்துவிடும். இழுத்தால் கட்டிலாகிற சோபாவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். இழுக்க முன்னால் இடம் வேண்டுமே!

திவான் செய்ய ஆசாரியிடம் சொல்லும்போது 6 அடியை ஒரே துண்டாகக் கேட்காதீர்கள். சின்ன அபார்ட்மென்ட் லிஃப்டின் கதவு அகலம் சுமார் இரண்டரை அடிதான். 3 அடிப் பெட்டிகள் இரண்டாகச் செய்து, நட்டு போல்ட்டில் இணைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் வந்தால் பிரித்து எதிரெதிரே போடலாம், வீடு மாறும்போது ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கலாம்.