காணி துண்டாகும்போது மைதானத்தையும் கேளுங்கள்

அஸர் தொழுகை முடிந்து எங்கள் பிள்ளைகள் உதைபந்து விளையாடிய தென்னங்காணி இப்போது துண்டு துண்டாக விற்பனையாகிறது. என் மாணவர்கள் வீதியில், வாகனங்களுக்கு இடையில் விளையாடுகிறார்கள். காணி தனியாருடையது, விற்பது அவர் உரிமை. ஆனால் நமக்கும் ஓர் உரிமை உண்டு.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில், 1 ஹெக்டேயருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது, பாதைகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்குவது பொதுவான விதி. 5 ஏக்கரில் பாதைகளுக்கு 1 ஏக்கர் போனால், மீதியில் 64 பேர்ச்சஸ். சிறுவர்கள் பந்து விளையாட அது போதும்.

அந்த இடம் எங்கே? அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதியைப் பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். காணி வாங்குவோரும் முற்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்க வேண்டும். கடைசித் துண்டுக்கும் உறுதி எழுதிய பிறகு கேட்டுப் பயனில்லை.